கணினி ஆட்டங்களில் கதைமுறை: நேர்கோடும் கிளைவழியும்

கதை கூறும் கலை வாய்மொழியில் தோன்றி, ஏட்டிலும் அரங்கிலும் அச்சிலும் திரையிலும் வளர்ந்து வந்துள்ளது. இவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் கூறுவோர், கேட்போர் என இரு திறத்தார் உளர். கேட்போர் கதையைத் தம் மனத்தில் எவ்வாறு விரித்துக்கொள்ளினும், கதையினுள் புகுந்து ஒரு செயலும் செய்தற்கு இயலாது. கண்ணகி மதுரைக்குப் போதல் கூடாது என்று நாம் எத்துணை விழைந்தாலும் அவள் போயே தீர்வாள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள கணினி ஆட்டம், அதாவது வீடியோ கேம் என மக்கள் வழங்குவது, இந்நிலையை மாற்றியுள்ளது. இங்குக் கேட்போரே ஆடுநர் ஆகின்றார். அவர் கையசைத்தாலன்றிக் கதை ஓர் அடியும் பெயராது.

இவ்வாட்டங்களின் கதைமுறையை ஆராய்வோர் அதனைப் பெரும்பாலும் இரண்டாகப் பகுப்பர். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வழியாகச் செல்வது நேர்கோட்டுக் கதை. ஆடுநரின் தேர்வுக்கு ஏற்பப் பல வழிகளாகப் பிரிவதும், நிகழ்ச்சிகளை அவர் விரும்பிய முறையில் காண இடந்தருவதும் நேர்கோடல்லாக் கதை. இப்பகுப்பு பயனுடையதே. ஆயின், இப்பகுப்போடு ஒரு மதிப்பீடும் சேர்ந்தே வருகின்றது. ஆடுநர்க்கு உரிமை மிகுந்தோறும் கதை சிறக்கும். ஆகலின் நேர்கோடு திரைப்படத்தின் எச்சம், கிளைவழியே இக்கலைக்கு உரிய நெறி என்பது அம்மதிப்பீடு. இக்கருத்துப் பொருந்துமா என்பதனை இங்கு ஆராய்வாம். கிளைகளின் தொகை கதையின் தகுதிக்கு அளவுகோல் ஆகாது என்பதும், நிகழும் முறை, அறியும் முறை, செயற்பொறுப்பு என்னும் மூன்றனையும் வேறு வேறாக நோக்குதல் வேண்டும் என்பதும் யாம் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

மூன்று முறைகள்

தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்றும் உடையதே முழுமையான கதை என்றார் அரிஸ்டாட்டில். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருசிய நாட்டு உருவவியலார் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்து, நிகழ்ச்சிகள் காலமுறையில் நிகழ்ந்த வரிசை வேறு, அவை படைப்பில் கூறப்படும் வரிசை வேறு எனப் பிரித்தனர். இவ்வேறுபாடு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. கோவலன் கொலையுண்டமைக்குக் காரணமான முற்பிறப்புச் செய்தி, சிலப்பதிகார நிகழ்ச்சிகள் அனைத்திற்கும் முந்தியது. எனினும் அது 23ஆவதாகிய கட்டுரை காதையில்தான் மதுராபதித் தெய்வத்தின் வாய்மொழியாக வெளிப்படுகின்றது. நிகழ்ந்த முறையில் முதலாவது, அறியும் முறையில் பிந்தியதாயிற்று. அப்பிந்துதலாலேயே அது கண்ணகியின் துயருக்கு வேறொரு பொருளைத் தருகின்றது.

கணினி ஆட்டத்தில் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் கூடுகின்றது. அது செயல். 1997இல் 'சைபர்டெக்ஸ்ட்' என்னும் நூலை வெளியிட்ட நார்வே நாட்டு அறிஞர் எஸ்பென் ஆர்செத், சில பனுவல்களைக் கடந்து செல்லப் படிப்போர் வெறுமனே ஏடு புரட்டினால் போதாது, தாமே முயன்று வழிகாண வேண்டும் என்று காட்டி, அத்தகையவற்றைத் தனி வகையாகக் கொண்டார். முயற்சி என்று அவர் சுட்டியதனை யாம் இன்னும் ஒருபடி மேற்கொண்டு, செயற்பொறுப்பு எனக் குறிப்போம். ஒருவன் செய்த தீமையைக் கேட்டல் ஒன்று. அதனை நம் கையாற் செய்தல் மற்றொன்று. இரண்டனுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கலையின் தனிநிலம்.

கிளைகளின் கணக்கு

நேர்கோடல்லா முறை இக்கலையில் இடையே புகுந்ததன்று, தொடக்கத்திலேயே இருந்தது. குகை ஆய்வில் ஈடுபாடுடைய நிரலாளர் வில் குரௌதர் 1976 அளவில் 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்னும் ஆட்டத்தை இயற்றினார். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியே அதன் களம். 1977இல் டான் வுட்ஸ் அதனை விரித்தமைத்தார். படம் ஒன்றும் இல்லாத அவ்வாட்டத்தில், ஆடுநர் ஓரிரு சொற்களைத் தட்டச்சுச் செய்து குகையறைகளில் எவ்வழியும் செல்லலாம். வழிகள் பல, ஆயின் சொல்லத்தக்க கதை சிறிதே. உரிமை மிகுதல் கதை மிகுதலாகாது என்பதற்கு அத்தொடக்கமே ஒரு சான்று.

கதை மிகுந்து, கிளையும் மிகுதல் வேண்டுமாயின் வேறோர் இடர் எழுகின்றது. அது கணக்கின் பாற்பட்டது. இரு வழிப்பட்ட தேர்வு ஒவ்வொன்றும் கதையை உண்மையாகவே இரண்டாகப் பிரிக்குமாயின், மூன்று தேர்வுகளின் பின் 8 கதைகள் வேண்டும். பத்துத் தேர்வுகளின் பின் 1,024. இருபதின் பின் 10 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றற்கும் எழுத்து, நடிப்பு, ஓவியம், இசை அனைத்தும் அமைத்தல் எவர்க்கும் ஒல்லாது. அன்றியும், ஓர் ஆடுநர் அவற்றுள் ஒன்றனையே காண்பர். ஏனையவற்றில் இட்ட உழைப்பு அவர் கண்ணிற் படாது. ஆகவே வடிவமைப்பாளர் கிளைகளைச் சிறிது தொலைவு பிரியவிட்டுப் பின்னர் ஒரே இடத்திற் கூட்டுவர். ஆற்றிடைக்குறையைச் சூழ்ந்து இருபுறமும் ஓடும் நீர் மீண்டும் ஒன்றாதல் போல்வது அது.

டெல்டேல் கேம்ஸ் நிறுவனம் 2012இல் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிணங்கள் எழுந்து உயிருள்ளோரைக் கொல்லும் ஓர் உலகில், லீ என்பவன் கிளெமென்டைன் என்னும் ஆதரவற்ற சிறுமியைக் காத்துச் செல்லுதலே கதை. முதற்பகுதியின் இறுதியில் கார்லி, டக் என்னும் இருவருள் ஒருவரையே காக்க இயலும். சில நொடிகளில் ஆடுநர் முடிவு செய்தல் வேண்டும். பகுதி முடிந்ததும், ஆடினோருள் நூற்றுக்கு எத்துணைப் பேர் எவ்வழியைத் தேர்ந்தனர் என்னும் கணக்கும் காட்டப்படும். ஆயின் யாரைக் காத்தாலும், காக்கப்பட்டவர் மூன்றாம் பகுதியில் அக்கூட்டத்தைச் சேர்ந்த லில்லி என்பவளால் சுடப்பட்டு இறக்கின்றார். லீயும் எவ்வழி சென்றாலும் இறுதியில் கடியுண்டு மாள்வான். கதையின் நிகழும் முறை, ஏறத்தாழ ஒரே கோடுதான்.

இதனை அறிந்த சிலர், தேர்வு என்று கூறியது பொய்யாயிற்றே எனக் குறைகூறினர். கிளைகளை எண்ணுவதே திறனாய்வாயின் அக்குறை சரியே. யாம் அவ்வாறு கருதவில்லை. லீ என்பவன் சிறுமியின்முன் பொய் கூறுபவனா, உண்மை உரைப்பவனா. அச்சத்தால் கொடுமை செய்பவனா, பொறுப்பவனா என்பதனை ஆடுநர் சிறுகச் சிறுக முடிவு செய்கின்றார். அவன் செய்வதனைச் சிறுமி பார்த்துக்கொண்டும் நினைவிற் கொண்டும் வருகின்றாள் என்பதனை ஆட்டம் இடையிடையே உணர்த்துகின்றது. இறுதியில், தன்னைச் சுட்டுவிடுமாறு அவளிடம் கூறுவதா, விட்டுச் செல்லுமாறு கூறுவதா என்னும் தேர்வு வருகின்றது. எதனைத் தேர்ந்தாலும் லீ பிழையான். ஆயின் ஒரு குழந்தையின் கையில் எவ்வகை நினைவை வைத்துச் செல்வது என்னும் வினா மெய்யானது. விளைவை மாற்றாத தேர்வும் தேர்ந்தாரை வெளிப்படுத்தும். இவ்வாட்டத்தின் வெற்றி கிளையினால் வந்ததன்று, பொறுப்பினால் வந்தது.

மீளும் வசதி

கிளைவழிக் கதைகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. ஆட்டத்தை இடையில் சேமித்து வைத்து, வேண்டும்போது அவ்விடத்திற்கே மீளும் வசதி ஆடுநர்க்கு உளது. ஒருவழி சென்று பார்த்து, பிடிக்கவில்லையெனில் திரும்பி வேறுவழி செல்லலாம். அப்போது தேர்வு தேர்வாக இராது, கடையில் துணி புரட்டிப் பார்த்தலாகிவிடும். மீளலாகாமை இல்லையேல் பொறுப்பும் இல்லை.

இவ்விடரை நேரே எதிர்கொண்டது டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்'. பகைவர் எவரையும் கொல்லாமலே அதனை முடிக்கலாம், கொன்றும் முடிக்கலாம். தொடக்கத்தில் ஆடுநர்க்குத் தாய்போல் உதவும் டோரியல் என்பவளைக் கொன்றுவிட்டு, வருந்தி, மீண்டும் சேமித்த இடத்திற்குச் சென்று அவளை உயிரோடு விடுவார் உளர். அடுத்து வரும் ஃபிளவி என்னும் பாத்திரம் அவர் முன்பு செய்ததனை அறிந்து இடித்துரைக்கின்றது. அழித்து எழுதிய செயலும் செயலே என்று ஆட்டம் கூறுகின்றது. இங்குக் கிளை உண்மையாகவே பிரிகின்றது. அதனினும் முதன்மையானது, பிரிந்ததன் சுமை ஆடுநரை விட்டு நீங்காமையாகும்.

ஒரே வழியின் வன்மை

இனி நேர்கோட்டுக் கதைக்கு வருவாம். நாட்டி டாக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கிளை என்பதே இல்லாத கதை. ஒரு பூஞ்சை நோயால் உலகம் சிதைந்த பின், மகளை இழந்த ஜோயல் என்பவன், நோய் பற்றாத உடலமைப்புடைய எல்லி என்னும் சிறுமியை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி நோக்கி அழைத்துச் செல்கின்றான். அவளிடமிருந்து மருந்து காணலாம் என்பது நம்பிக்கை. இறுதியில் மருத்துவமனை ஒன்றில், மருந்து காணும் அறுவையில் அவள் உயிர் பிழையாள் என்பது தெரிகின்றது. ஜோயல் தடுப்போரையெல்லாம் கொன்று அறுவை அறைக்குள் புகுகின்றான்.

அங்கு மருத்துவர் நிற்கின்றார். அவரைக் கொன்றாலன்றிக் கதை நகராது. துப்பாக்கியைத் தாழ்த்தி நிற்கும் ஆடுநர், எத்துணை நேரம் நின்றாலும் அவ்வறையிலேயே நிற்பார். மனித குலத்தின் நலமா, ஒரு குழந்தையின் உயிரா என்னும் வினாவில் ஆடுநர் எப்பக்கம் நின்றாலும், ஜோயலின் முடிவைத் தம் விரலால் நிறைவேற்றியே தீரல் வேண்டும். இவ்விடத்தில் இருவழி வைத்திருப்பின் என்னாகும்? எல்லியை விட்டுச் செல்லும் வழியும் ஒன்று இருந்திருப்பின், கதை ஆடுநரின் அறக்கொள்கையை வினவும் ஒரு தேர்வுத்தாளாகியிருக்கும். ஒரே வழி என்பதனால், அது ஜோயலின் இயல்பை நாம் உள்ளிருந்து உணரும் துன்பியலாகின்றது. உரிமை இன்மையே இங்குப் பொருளாயிற்று.

இதன் பின் மற்றொன்றும் நிகழ்கின்றது. இறுதிக் காட்சியில் ஆடுநர் ஜோயலாக அன்றி எல்லியாக நடக்கின்றார். மருத்துவமனையில் நிகழ்ந்ததனைப் பற்றி ஜோயல் அவளிடம் பொய் கூறுகின்றான். அது பொய் என்பதனை அறிந்த நாம், அதனை அறியாதவளின் உடலில் நின்று கேட்கின்றோம். கொலை செய்த கையும் ஏமாற்றப்பட்ட செவியும் நம்முடையனவே. நிகழும் முறை நேர்கோடே. செயற்பொறுப்பு மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு மாறுகின்றது.

இஃது ஒரு திரைப்படம் போன்றதே, ஆட்டமாதல் வேண்டா என்பார்க்கு விடை கூறும் வாய்ப்பு 2023இல் கிட்டியது. அவ்வாண்டில் இக்கதை எச்பிஓ நிறுவனத்தால் ஒன்பது பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. ஆட்டத்தின் ஆசிரியர் நீல் டிரக்மன் அதனை ஆக்கிய இருவருள் ஒருவர். அங்கும் ஜோயல் மருத்துவரைச் சுடுகின்றான். அங்கும் பொய் கூறுகின்றான். தொடர் சிறந்ததே. ஆயின் காண்போர் அவனைக் குற்றவாளி என்றோ தந்தை என்றோ தொலைவில் இருந்து மதிப்பிடலாம். ஆடினோர்க்கு அத்தொலைவு இல்லை. நிகழும் முறையும் அறியும் முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கவும், அனுபவம் வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு மூன்றாவதாகிய செயற்பொறுப்பின் பாற்பட்டதே என்பது இதனாற் பெறப்படும்.

முடிந்துபோன கதையும் முடியாத தேடலும்

நேர்கோடல்லா முறையின் உண்மையான ஆற்றலைக் காண விழைவோர் கிளைவழிக் கதைகளை விடுத்து, வேறொரு வகையை நோக்குதல் நன்று. அவ்வகையில் கதை முன்னரே நிகழ்ந்து முடிந்துவிட்டது. எதனையும் மாற்ற இயலாது. ஆடுநர் செய்வது, சிதறிக் கிடப்பனவற்றைத் தேடி அறிதல் ஒன்றே. 2004இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஹென்றி ஜென்கின்ஸ், ஆட்டவெளியில் கதை அமையும் நால்வகைகளுள் ஒன்றாக, களத்தினுள் பதித்து வைக்கப்பட்ட கதையைக் கூறினார். அவ்வகைக்கு இரண்டு சான்றுகள் காட்டுவாம்.

சாம் பார்லோ 2015இல் வெளியிட்ட 'ஹெர் ஸ்டோரி'யில் ஆடுநர்முன் பழைய காவல்துறைக் கணினித்திரை ஒன்றே உளது. கணவனைக் காணாத ஒரு பெண்ணை 1994இல் காவலர் ஏழுமுறை வினவிய பதிவுகள் 271 துண்டுகளாக அதில் உள. வினாக்கள் இல்லை, விடைகளே உள. ஒரு சொல்லை இட்டுத் தேடினால் அச்சொல் வரும் துண்டுகளுள் காலத்தால் முந்திய ஐந்தனையே காணலாம். ஆகவே பொதுச் சொல் முற்பகுதியிலேயே நிறுத்திவிடும். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிய வேண்டின், அவள் கூறியதனுள் நுணுகிக் கேட்டு, அரிய சொல் ஒன்றைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். ஒருவர் முடிவை முதலிற் காண்பர்; மற்றொருவர் நெடுநேரம் சென்று காண்பர். வினவப்படும் பெண் யார் என்பதற்கே இருவேறு விடை கூற இடமுண்டு. நிகழ்ந்தது ஒன்றே, அறியும் முறை ஆடுநர்தோறும் வேறு. சொல்லைப் பற்றிப் பொருளைத் தேடும் உரையாசிரியர் தொழிலை இவ்வாட்டம் ஆடுநர்க்கு அளிக்கின்றது எனின் மிகையாகாது.

இரண்டாவது, மோபியஸ் டிஜிட்டல் 2019இல் வெளியிட்ட 'அவுட்டர் வைல்ட்ஸ்'. ஒரு சிறிய ஞாயிற்று மண்டிலத்தில் ஆடுநர் விண்கலத்தில் எக்கோளுக்கும் செல்லலாம். 22 நிமிடங்களில் ஞாயிறு வெடித்து யாவும் அழியும். பின்னர்க் காலம் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பும். நோமாய் என்னும் மறைந்துபோன இனத்தார் சுவர்களில் எழுதிவைத்த செய்திகளைப் படித்து, அவர்க்கு நேர்ந்ததனையும் இச்சுழற்சியின் காரணத்தையும் அறிதலே வேலை. ஒரு சுழற்சியிலிருந்து அடுத்ததற்கு ஆடுநர் கொண்டு செல்வது படைக்கலனும் அன்று, பொருளும் அன்று, அறிவு ஒன்றே. வழி தெரிந்தவர் முதற் சுழற்சியிலேயே ஆட்டத்தை முடித்துவிடலாம். பூட்டு கதவில் இல்லை; ஆடுநரின் அறியாமையில் உளது.

இக்கதை இறுதியில் மீளலாகாமையையும் கொண்டுவருகின்றது. முடிவை அடைதற்குச் சுழற்சியை இயக்கும் கருவியின் உள்ளீட்டை ஆடுநர் கழற்றி எடுத்தல் வேண்டும். எடுத்தபின் காலம் திரும்பாது. அதன்பின் நேரும் இறப்பு இறுதி இறப்பு. அதுவரை பன்முறை இறந்தும் அஞ்சாத ஆடுநர்க்கு அப்பொழுது கை நடுங்கும். எவ்வழியும் செல்லலாம் என்றிருந்த விரிந்த கதை அக்கணத்தில் ஒரே கோடாக ஒடுங்குகின்றது. நேர்கோடும் நேர்கோடல்லாமையும் பகையான இரண்டு நெறிகள் அல்ல. ஒரே படைப்பில் ஒன்றற்கு ஒன்று துணையாகலாம் என்பதற்கு இது சான்று.

தடையும் விடையும்

அங்ஙனமாயின் நேர்கோட்டுக் கதை யாவும் நன்று என்பீரோ எனின், அன்று. செயலும் கதையும் ஒன்றையொன்று மறுக்குமிடத்து எம்முறையும் பழுதுபடும். 2007இல் வெளிவந்த 'பயோஷாக்' பற்றி வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அவ்வாண்டிலேயே எழுதிய திறனாய்வு இதனை நன்கு காட்டிற்று. ஆட்டத்தின் செயல்முறை தன்னலம் நாடுவதா, பிறர்க்கிரங்குவதா என்னும் தேர்வை ஆடுநர்க்கு அளிக்கின்றது. கதையோ ஒருவனுக்கு உதவியே தீரவேண்டும் என வற்புறுத்துகின்றது. கையின் மொழி ஒன்று, வாயின் மொழி ஒன்று ஆயிற்று என்பது அவர் காட்டிய குறை. கதைக் காட்சிகளை நிரல்பட வைத்து, இடைவெளிகளைச் சண்டையால் நிரப்பிய ஆட்டங்கள் பலவற்றுக்கும் இக்குறை பொருந்தும். அங்கு நேர்கோடு குற்றமன்று. கோட்டின்மேல் ஆடுநர் சுமக்கும் பொறுப்பு யாதும் இல்லாமையே குற்றம்.

ஆசிரியர் எழுதாத கதையும் ஆட்டத்திற் பிறக்குமே எனின், அதுவும் உண்மையே. 2006இல் வெளிவரத் தொடங்கிய 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' போல்வன விதிகளை மட்டும் வகுத்து, நிகழ்ச்சிகளைத் தாமே முளைக்க விடுகின்றன. அவை கூறப்பட்ட கதை அல்ல, வாழப்பட்ட கதை. அவற்றுக்குத் தனி ஆராய்ச்சி வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாம். கிளைவழிக் கதைகள் பலவற்றில் கிளை தோற்றமே. அவை சிறக்குமிடத்துப் பொறுப்பினாற் சிறக்கின்றன. நேர்கோட்டுக் கதை, உரிமையை மறுப்பதனாலேயே ஆடுநரைத் துன்பியலின் உள்ளே நிறுத்தவல்லது. நேர்கோடல்லாமை பெரிதும் ஆற்றல் பெறுவது நிகழும் முறையில் அன்று, அறியும் முறையிலாகும். ஆதலின் ஓர் ஆட்டத்தின் கதையை ஆராய்வோர், முடிவுகள் எத்துணை என எண்ணுவதனை விடுத்து மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இங்கு நிகழ்வது மாறுமா? அறிவது எம்முறையில் வருகின்றது? செய்ததன் சுமை யார்மேல் நிற்கின்றது?

இக்கலை இளையது. ஏட்டிலக்கியத்திற்கு அமைந்த நெடிய திறனாய்வு மரபு இதற்கு இன்னும் அமையவில்லை. கோவலன் பழம்பிறப்பு ஏன் காப்பியத்தின் பிற்பகுதியில் கூறப்பட்டது என வினவப் பழகிய நம் மாணவர், இப்புதிய பனுவல்களையும் அவ்வினாவோடு அணுகுவராயின், விளையாட்டு என ஒதுக்கப்படும் இவற்றுள் எவை இலக்கியத்தின் சுமையைத் தாங்கவல்லன, எவை தாங்கா என்பது தெளிவாகும்.